இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சான்று
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்று சேமிப்பு, கடன் பற்றிப் பேச வரவில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்கள் நம் குழுக்களில் இருக்கிறீர்கள். பிள்ளைக்கு முப்பது வயது நெருங்குகிறது, அம்மாவுக்கோ குளிப்பாட்டித் தூக்க உடம்பில் தெம்பு இல்லை. அதனால் சிலர் இல்லத்தில் சேர்க்க யோசிக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "பெத்தவளே தள்ளிவிட்டாள்" என்று பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி வந்து பார்த்துக்கொள்ளட்டும்!

ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் பாதுகாவலர் சான்று கையில் இருக்க வேண்டும். 18 வயது முடிந்தால் நம் பிள்ளையும் சட்டப்படி மேஜர்தான். பெற்ற தாயாக இருந்தாலும், அதன்பிறகு பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை தானாக வராது. ஆபரேஷன், பேங்க் கணக்கு, பாகப்பிரிவினை என்று வரும்போது, "கார்டியன் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்பார்கள்.

இதற்குக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு உண்டு. அதில் தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். மனநோய்க்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெற்றோரோ உறவினரோ, தாங்கள் விரும்பும் ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இல்லம் என்பது தங்குகிற இடம். பாதுகாவலர் என்பவர் பிள்ளைக்கும் பிள்ளையின் சொத்துக்கும் பொறுப்பு ஏற்பவர். இரண்டும் ஒன்றல்ல. நிறுவனமே பாதுகாவலராக இருக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் சித்தியோ அக்காவோ இருந்தால் அவர்களையே போடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். பிள்ளை உடம்பில் ஒரு காயம் என்றால், இல்லத்தை வெளியிலிருந்து கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டாமா? சேர்க்கும்போது எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. அந்த இல்லம் அரசிடம் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள்.

அண்ணன்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கவும் வேண்டாம். குறைபாடு இருப்பதால் சொத்தில் பங்கு போய்விடாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பங்கு இருக்கிற இடத்தில் ஆசையும் இருக்கும். அதனால்தான் பாதுகாவலர் ஆனவர் 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் குழுவில் கணக்கு நோட்டு வைப்பது மாதிரிதான். கொடுமை செய்தாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ, பெற்றோரோ உறவினரோ குழுவிடம் சொல்லி அவரை நீக்கக் கேட்கலாம்.

பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். பாதுகாவலரும் அவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கம். "பேச்சே வராதவளிடம் என்னத்தைக் கேட்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டார். குழம்பு பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுகிறாளே, அதுவும் பதில்தானே! சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை இல்லத்துக்குக் கூட்டிப் போங்கள். பகல் முழுக்க இருக்கட்டும். எங்கே முகம் மலருகிறது, யாரைக் கண்டு ஒதுங்குகிறாள் என்று பாருங்கள்.

விண்ணப்பம் போட நினைப்பவர்கள் பிள்ளையின் மாற்றுத்திறனாளி அட்டை, வயதுச் சான்று, ஆதார், போட்டோ எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பாதுகாவலராக நீங்கள் நினைத்திருப்பவரையும் கையோடு கூட்டி வாருங்கள். அவர் சம்மதமும் வேண்டும். படிவத்தை நாங்கள் கொண்டு வருகிறோம். உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.