திரைக்குப் பின்னால் நிற்பவர்கள்

(ஆண்டு விழா நாடகத்துக்கான முதல் கூட்டத்தில் பேசியது)



நாடகத்துக்குப் பெயர் கொடுங்கள் என்று கேட்டோம். நடிக்கப் பதினான்கு பேர் வந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி. திரை இழுக்க ஒருவர்கூட வரவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

வங்கியில் இருந்த நாளில், எங்கள் மனமகிழ் மன்ற நாடகங்களில் நான் நடித்ததே இல்லை. பிராம்ப்டர் வேலைதான். பக்கத்திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவை கதாநாயகன் சட்டைப் பையில் கைவிட்டார், கடிதம் இல்லை. மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ள நாங்கள் ஆளே போடவில்லை. கதையின் முடிச்சே அந்தக் கடிதத்தில்தான். கையிலிருந்த பிரதியின் கடைசித் தாளைக் கிழித்து மடித்து, வேலைக்காரனாக நடித்தவரிடம் கொடுத்தேன். "ஐயா, தபால் வந்திருக்கு" என்று அவர் உள்ளே போனார். நாடகம் தப்பியது.

ஒத்திகை முடியும்வரை இயக்குநர் சொல்வதுதான் சட்டம். திரை தூக்கிய பிறகு மேடை நிர்வாகி சொல்வதுதான். எந்த விளக்கு எப்போது அணையும், மணி எப்போது அடிக்கும், யார் எந்தப் பக்கம் நுழைவார் எல்லாம் அவர் கணக்கு. சாமான்களுக்குக் காட்சிவாரியாகப் பட்டியல் வைத்துக்கொண்டு ஒருவர். ஒப்பனை, உடை, செட், ஒளி, ஒலி ஒவ்வொன்றுக்கும் ஒருவர். கவுன்ட்டரில் சிரித்த முகமாகப் பணம் கொடுப்பவர் ஒருவர்தான். பின்னால் லெட்ஜர் எழுதி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டவர்கள் வெளியே தெரியமாட்டார்கள். அதே கதைதான்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் வழக்கறிஞர். கே. பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். நம்மைப்போல் வேறு பிழைப்பு உள்ளவர்கள் போட்ட மேடைகள் அவை.

சம்பளம் இல்லாத இடத்தில் பெயர் சொல்வதுதான் சம்பளம். போன வருடம் மூன்று மணி நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்ட நண்பரின் பெயரை நன்றியுரையில் விட்டுவிட்டோம். அந்த நன்றியுரையை எழுதியவன் நான். இந்த வருடம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நாளை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். நடிக்க வந்த பதினான்கு பேரில் ஆறு பேர் திரைக்குப் பின்னால் வாருங்கள். முதல் பெயர் என்னுடையது. பிராம்ப்டர்.