காய்ச்சல் விட்ட பிறகு கேட்க வேண்டியது

ஜொகூரில் ஆயர் ஈத்தாம் என்றதும் மட்பாண்டக் கடைகளும் நெடுஞ்சாலைச் சந்திப்பும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே போனால் குளுவாங், மேற்கே போனால் பத்து பகாட். பெரிய அரசாங்க மருத்துவமனைகள் அந்த இரண்டு ஊர்களில்தான் இருக்கின்றன. ஆயர் ஈத்தாமிலோ சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலோ ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், முதலில் போகும் இடம் பக்கத்துக் கிளினிக். அங்கே அவரை முதலில் விசாரிப்பவர் பெரும்பாலும் ஒரு தாதி, இல்லையென்றால் மருத்துவ உதவி அதிகாரி. இவரை வரிசையில் உட்கார வைக்கலாமா, உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டுமா என்ற முடிவு அந்தச் சில நிமிட விசாரிப்பில் தொடங்குகிறது. கனிவாகப் பேசுகிற தாதியை நல்ல தாதி என்கிறோம். கனிவு வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சிலிருந்துதான் நோயைக் கணிப்பதற்கான ஆதாரமே கிடைக்கிறது. ஆகவே பேச்சை மருத்துவ வேலையாகவே மதிக்க வேண்டும் என்பது இன்று நான் முன்வைக்கும் வாதம்.

டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2019இல் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். இந்த நோய் ஆளை ஏமாற்றக்கூடியது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள். ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை கசிவு நீடிக்கும். வெப்பமானி 37 டிகிரி காட்டும். ரத்த அழுத்தம் 100க்கு 80 என்று வந்தால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. ஆனால் டிங்கி நோயாளியிடம் அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி 20ஆகச் சுருங்கினால், அது அதிர்ச்சி நிலையின் அடையாளம். அந்த நேரத்தில் கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் தாதி, கூடவே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வயிறு வலிக்கிறதா? வாந்தி நிற்காமல் வருகிறதா? ஈறில் ரத்தம் கசிந்ததா? கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள்? டிங்கியின் எச்சரிக்கை அறிகுறிகளில் பல, நோயாளி வாய் திறந்தால்தான் தெரியவரும். 'இப்ப எப்படி இருக்கு?' என்று பொதுவாகக் கேட்டால், 'பரவாயில்லை மிஸ்ஸி' என்ற பதில்தான் கிடைக்கும்.

வார்டிலும் இதே கதைதான். நோயாளியின் நிலை மோசமாகிறதோ என்ற தாதியரின் கவலை எந்தெந்த அடையாளங்களிலிருந்து எழுகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2015இல் வெளியானது. மூச்சில் மாற்றம், தெளிவில் மாற்றம், அமைதியின்மை ஆகியவற்றோடு, 'எனக்கு என்னவோ செய்கிறது' என்று நோயாளியே சொல்வதும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மாறுவதற்கு முன்பே இத்தகைய கவலை எழுவதுண்டு. அனுபவம் முதிர்ந்த தாதி ஒரு நிலைமையை முழுதாகவே உணர்ந்துகொள்கிறார் என்பதைத் தாதியியல் ஆய்வாளர் பட்ரீஷியா பென்னர் 1984லேயே எழுதிக் காட்டினார்.

உள்ளுணர்வை நம்பினால் தவறு நேராதா, அதற்குத்தானே அளவுகோல்கள் இருக்கின்றன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் 2012இல் வந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை மூச்சு, நாடி, அழுத்தம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுக்கிறது. உயிர் காக்கும் முறைதான். அதையே 2017இல் திருத்தியபோது, புதிதாக ஏற்பட்ட மனக்குழப்பத்தையும் சேர்த்தார்கள். அந்தக் குழப்பம் புதியதா, பழையதா என்று எந்தக் கருவி சொல்லும்? நோயாளியிடம் பேசி, 'நேற்று அம்மா தெளிவாகப் பேசினாங்களா?' என்று வீட்டாரிடம் கேட்டால்தான் தெரியும். மதிப்பெண் தாளை நிரப்புவதற்கே பேச்சு தேவைப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. காலையில் கிளினிக்கில் கூட்டம் நிரம்பியிருக்கும்போது உட்கார்ந்து பேச முடியுமா? இந்தச் சிரமம் உண்மையானது. தாதியரின் பொறுமையைக் கொண்டு மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வின்படி, ஒரு தாதி கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. ஆள்பலம் கொடுக்காமல் அன்பை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனாலும் நல்ல கேள்விக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. 'மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?' என்றால் இனிப்பு நீர் உள்ளவர் ஆமாம் என்றுதான் சொல்வார். 'நேற்று ராத்திரி எந்த மாத்திரை போட்டீங்க, காட்டுங்க' என்றால் உண்மை வெளியே வரும். மலேசியாவில் பெரியவர்கள் மூவரில் ஒருவருக்கு உடல்நலத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்று 2019 தேசிய ஆய்வு கண்டது. எனவே 'புரிந்ததா?' என்று கேட்டு நிறுத்தாமல், வீட்டில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது நல்லது. கூட வந்த பேரப்பிள்ளை பதில் சொன்னாலும், பாட்டியின் முகம் பார்த்து அவரிடமே ஒருமுறை கேட்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, தாதிக்கு ஏன் இந்தப் பொறுப்பு என்பது மூன்றாவது மறுப்பு. நோயின் பெயரைச் சொல்லும்படி தாதியை யாரும் கேட்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் வரிசைப்படுத்தி, 'டாக்டர், இவரை இப்போதே பாருங்கள்' என்று காரணத்தோடு சொல்வது அவர் கடமை. அதைக் காதுகொடுத்துக் கேட்பது டாக்டரின் கடமை. குடும்பத்தாரின் கவலைக்கும் இன்று மதிப்பு கூடிவருகிறது. உடல்நிலை மோசமாவதாகத் தோன்றினால் மருத்துவ மறுபரிசோதனையை அவர்களே கோரலாம் என்ற விதியை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2013இல் கொண்டுவந்தது. இங்கிலாந்திலும் 2024 முதல் அத்தகைய விதி நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிளினிக்குக்குப் போகும்போது மூன்று விவரங்களைத் தயாராக வைத்திருங்கள்: எந்த நாளில் தொடங்கியது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தாதியர் பணியைத் திட்டமிடுகிறவர்களும், ஊசி போடுவதையும் கட்டுக் கட்டுவதையும் கணக்கில் எடுப்பதைப் போல, நோயாளியிடம் பேசும் நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட்டு அதற்கேற்ற ஆட்களைத் தர வேண்டும்.