பெருந்தொற்றும் உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வும்

(கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கப்பட்ட எழுத்து வடிவம்)



2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் பொதுமுடக்கம் என்று அறிவித்தார். 130 கோடி மக்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் நான்கு மணி நேரம். வாரக் கூலி வாங்காத கட்டடத் தொழிலாளி, மறுநாள் காய்கறிக்குக் கடன் வாங்கியிருந்த தள்ளுவண்டிக்காரர், மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண் ஆகிய எவருடைய கணக்கும் அந்த அறிவிப்பில் இல்லை. வீட்டிலேயே இருங்கள், கைகளைக் கழுவுங்கள், இடைவெளி விடுங்கள் என்ற மூன்று கட்டளைகள் மட்டும் இருந்தன. தனியறை உள்ள வீடும், திறந்தால் நீர் வரும் குழாயும், வேலைக்குப் போகாவிட்டாலும் வந்துசேரும் ஊதியமும் உள்ளவர்களுக்கே அவை பொருந்தும். இந்திய மக்களில் அத்தகையோர் சிறுபான்மையினர்.

பெருந்தொற்று சமத்துவமானது, பணக்காரரையும் ஏழையையும் ஒன்றுபோலத் தாக்குகிறது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. கிருமிக்கு வர்க்கம் தெரியாது என்பது உண்மையே. ஆனால் கிருமி பரவும் வீடு, தெரு, பேருந்து, கழிப்பறை அனைத்தும் வர்க்கத்தால் வகுக்கப்பட்டவை. இந்த உண்மையைத் தாராவியைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் இடம் இல்லை.

தாராவி கற்பித்தது

மும்பையின் நடுவே, இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில், எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்வதாக மதிப்பிடப்படும் பகுதி தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குச் சென்ற தமிழர்கள், குஜராத்திலிருந்து வந்த குயவர்கள், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தையல் தொழிலாளர்கள் எனப் பல தலைமுறை உழைப்பாளிகள் சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கிய ஊர் அது. ஓர் அறையில் ஐவர், அறுவர், பத்துப்பேர்கூட வாழ்கின்றனர். அதே அறையே பகலில் பட்டறை. ஏறத்தாழ 80 சதவீத மக்கள் பொதுக் கழிப்பறைகளையே நம்பியுள்ளனர்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். வெளியே செல்லக்கூடாது என்ற ஆணை அங்கு என்ன பொருள் தரும்? காலைக்கடனுக்கே வெளியே சென்று வரிசையில் நிற்க வேண்டும். குடிநீருக்கு மற்றொரு வரிசை. அறையின் வெப்பம் தாங்காமல் ஆண்கள் இரவில் சந்தில் உறங்குவது அப்பகுதியின் நெடுங்கால வழக்கம். சந்து மூடப்பட்டபோது அவர்களுடைய வீட்டின் பாதி மூடப்பட்டது.

அவ்வாண்டு ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் எடுக்கப்பட்ட குருதிப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், குடிசைப் பகுதிகளில் 57 சதவீதத்தினருக்கும் பிற குடியிருப்புகளில் 16 சதவீதத்தினருக்கும் தொற்று வந்து சென்றிருந்தது தெரிந்தது. ஒரே நகரம், ஒரே வார்டு, ஒரே கிருமி. நடுவே இருந்தது சுவர் மட்டுமே.

எனினும் தாராவியில் தொற்று அஞ்சிய அளவுக்குக் கட்டுமீறவில்லை. மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்களும் அப்பகுதியின் சிறு மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவர்களைத் தேடினர். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தனிமைப்படுத்தும் முகாம்களாயின. பொதுக் கழிப்பறைகள் நாள்தோறும் பலமுறை கிருமிநீக்கம் செய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் இம்முயற்சியைப் பாராட்டியது. பல்லாயிரம் தொழிலாளர்கள் ஊர் திரும்பியதால் நெரிசல் குறைந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முகாம்களும் பணியாளர்களும் யாருக்குச் சொந்தமானவர்கள் என்று கேளுங்கள். லாபத்துக்கு அப்பாற்பட்ட பொதுத்துறை அமைப்பு ஒன்று எஞ்சியிருந்ததாலேயே அவர்கள் களத்தில் இருந்தனர்.

பழைய சட்டம், பழைய வழி

2020 மார்ச்சில் அரசுகள் கையில் எடுத்த சட்டங்களுள் ஒன்று 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளையர் அரசு இயற்றியது அது. வீடுகளுக்குள் புகுந்து சோதனையிடவும், பயணிகளைத் தடுத்து வைக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. மக்களுக்கு மருத்துவம் அளிக்கும் கடமையை அது எவர்மீதும் சுமத்தவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினர். 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. சுகாதாரத்தின் பெயரால் ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. இடித்த அளவுக்குக் கட்டித் தரப்படவில்லை.

1918 இன்ஃபுளுவென்சாவின்போது இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பம்பாய் நகரில் ஐரோப்பியரிடையே ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே அது ஆயிரத்துக்கு 61.6. போர்க்கால விலையேற்றமும் பஞ்சமும் நோயும் ஒருசேர வாட்டிய அந்த மாதங்களை அடுத்து, 1919 ஜனவரியில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1920 அக்டோபர் 31 அன்று அதே நகரில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்தது. துயரம் தானாகவே போராட்டமாவதில்லை. துயரத்தில் உடன் நின்றவர்கள் இருந்தால்தான் அது போராட்டமாகிறது.

நடந்தே சென்றவர்கள்

2020 மார்ச் இறுதியில் தில்லி ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில் திரண்ட கூட்டத்தை நாடே கண்டது. ஏப்ரல் நடுவில், சிக்கித் தவித்த தொழிலாளர்களுக்கு உதவிய தன்னார்வக் கூட்டமைப்பு ஒன்று தன்னை அழைத்த 11,159 தொழிலாளர்களின் நிலையைத் தொகுத்து வெளியிட்டது. அவர்களில் 96 சதவீதத்தினருக்கு அரசின் ரேஷன் கிடைக்கவில்லை. 89 சதவீதத்தினருக்கு முதலாளிகள் முடக்கக் காலத்துக்கு ஊதியமே தரவில்லை. குடும்ப அட்டை பீகாரிலோ ஜார்க்கண்டிலோ இருந்தது. பசி சூரத்திலும் மும்பையிலும் இருந்தது.

மே 8 அதிகாலையில், மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, தண்டவாளத்தில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர்கள்மீது சரக்கு ரயில் ஏறியது. ரயில் ஓடாது என்று நம்பி அவர்கள் அங்கே படுத்திருந்தனர். சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படம் அனைவர் நினைவிலும் இருக்கும். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற வினா எழுந்தபோது, அத்தகைய விவரம் இல்லை என்று தொழிலாளர் நல அமைச்சகம் விடையளித்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்பதை அதே அமைச்சகம் ஒப்புக்கொண்டது. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களைப் பதிவு செய்ய அப்போது 1979ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. அச்சட்டம் ஏட்டில் உறங்கியது. எண்ணப்படாமல் வாழ்ந்தவர்கள் எண்ணப்படாமலே இறந்தனர்.

இடைவெளி என்னும் சொல்

சமூக இடைவெளி என்ற சொல் இந்தியச் சமூகத்தின் காதில் விழும்போது அதற்கு வேறொரு வரலாறு உண்டு. தொடாதே, அருகே வராதே, தனிக்குவளை என்பவை இங்கு நூற்றாண்டுகளாகச் சாதியின் மொழி. நோய் அச்சம் அந்த மொழிக்கு அறிவியல் வேடம் அணிவித்தது. வீட்டு வேலை செய்யும் பெண்களையும் தூய்மைப் பணியாளர்களையும் குடியிருப்புகளின் வாயிலிலேயே நிறுத்தினர். தட்டுகளைத் தட்டி நன்றி கூறிய அதே தெருக்களில், மருத்துவமனையிலிருந்து திரும்பிய செவிலியருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டது.

தில்லி நிஜாமுதீன் கூட்டத்தை முன்வைத்து ஒரு மதத்தினர் அனைவரையும் நோய் பரப்புவோராகச் சித்தரித்தனர். இஸ்லாமியர்களான காய்கறி வியாபாரிகள் பல ஊர்களில் தெருவுக்குள் விடப்படவில்லை. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. தீர்ப்பு வந்தது, ஆனால் தெருவில் விதைத்த நஞ்சு தீர்ப்பால் இறங்கிவிடாது.

கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு, உடலால் விலகியிருப்போம், சமூகமாக ஒன்றியிருப்போம் என்ற கருத்தை முழக்கமாக வைத்தது. முழக்கத்துக்கு அடித்தளமும் இருந்தது. மார்ச் 19 அன்றே 20,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளும், 1998 முதல் இயங்கிவரும் குடும்பஸ்ரீ பெண்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சமையற்கூடங்களை நடத்தினர். பிற மாநிலத் தொழிலாளர்களை விருந்தினர் என்றே அழைத்தனர். அங்கும் மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று தெருவில் அமர்ந்தனர். உணவு கொடுத்தால் போதும் என்று எண்ணக்கூடாது, அவர்களுடைய மொழியில் பேசவும் அவர்களுடைய கவலையைக் கேட்கவும் ஆள் வேண்டும் என்பது அதன் பாடம்.

வீட்டுக்குள் நடந்தது

முடக்கம் ஆண்களையும் குழந்தைகளையும் வீட்டில் அடைத்தபோது பெண்களின் வேலை பெருகியது. தண்ணீர் இரு மடங்கு, சமையல் மூன்று வேளை, வருமானம் இல்லை. கழுத்திலிருந்த நகை அடகுக்குச் சென்றது. அதன் பின் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை வாயிலில் வந்து நின்றது.

2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் கிராமப்புறக் குழந்தைகளுள் 8 சதவீதத்தினர் மட்டுமே இணையவழியில் முறையாகப் படித்தது தெரிந்தது. 37 சதவீதத்தினர் அறவே படிக்கவில்லை. பள்ளி மூடப்பட்டபோது மதிய உணவுக் கூடமும் மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தெருத்தெருவாக நோயாளிகளைத் தேடிச் சென்ற சுமார் பத்து லட்சம் ஆஷா ஊழியர்கள் தொழிலாளர்களாகவே அங்கீகரிக்கப்படவில்லை. கூடுதல் பணிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதுவும் பல இடங்களில் தாமதம். 2020 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது அளித்தது. விருதைப் பாராட்டிய ஒன்றிய அரசு, குறைந்தபட்ச ஊதியத்தை அளிக்கவில்லை.

நெருக்கடியும் சந்தர்ப்பமும்

மக்கள் வீட்டில் அடைபட்டிருந்தபோது அரசு ஓய்வெடுக்கவில்லை. 2020 ஜூனில் மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள். செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த மாநிலங்களவையில் மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள். வேளாண் சட்டங்களை விவசாயிகள் ஓராண்டுக்கும் மேல் தில்லியின் எல்லைகளில் அமர்ந்து முறியடித்தனர். 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசியை மாநிலங்களே விலைகொடுத்து வாங்கும்படி விட்ட அரசு, எதிர்ப்பு வலுத்த பின் ஜூன் 21 முதல் தானே வாங்கி இலவசமாகத் தரும் நிலைக்கு வந்தது. 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 47 லட்சம் மிகை மரணங்கள் நிகழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அரசு அந்த மதிப்பீட்டை ஏற்க மறுத்தது. ஆனால் ஆக்சிஜனுக்காக மருத்துவமனை வாயில்களில் நின்ற குடும்பங்களும், கங்கையில் உடல்கள் மிதந்த ஊர்களின் மக்களும் நடந்ததை அறிவார்கள்.

தாராவிக்குத் திரும்புவோம் தோழர்களே. 2022 இறுதியில் அதன் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் வேறு இடங்களுக்கு, விலைகொடுத்து அல்லது தவணை கட்டிச் செல்ல வேண்டும் என்பது திட்டத்தின் சாரம். கொள்ளைநோய்க்குப் பின் சுகாதாரத்தின் பெயரால் ஏழைகளை நகரின் நடுவிலிருந்து அகற்றும் 1898இன் வழி மீண்டும் திறக்கிறது. நெரிசல் நோயை வளர்க்கிறது என்பது உண்மை. அதற்குத் தீர்வு, வாழும் இடத்திலேயே வீடும் நீரும் கழிப்பறையும். தொழிலிலிருந்து நெடுந்தொலைவுக்கு விரட்டுவது தீர்வாகாது.

கிளைகளின் முன்னுள்ள பணி

முடக்கத்தின்போது உழைக்கும் மக்களின் தெருக்களில் அரிசி பகிர்ந்தனர், கஞ்சி காய்ச்சினர், உடல்களை அடக்கம் செய்தனர். அவற்றில் செங்கொடித் தோழர்களின் பங்கு பெரிது. ஆனால் சுயவிமர்சனமாக ஒன்றையும் கூற வேண்டும். நிவாரணம் முடிந்ததும் பல இடங்களில் தொடர்பும் முடிந்தது. அரிசி வாங்கியவரின் பெயர் பட்டியலில் இருந்தது. அவர் சங்கத்தில் இல்லை. தன் பகுதியில் பிற மாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களை வேலைக்கு அழைத்து வந்த ஒப்பந்ததாரர் யார் என்பது முடக்கத்துக்கு முதல் நாள்வரை பல கிளைகளுக்குத் தெரியாது.

எனவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர், செவிலியர் இடங்கள் எத்தனை காலியாக உள்ளன என்று கண்டறிந்து இயக்கம் நடத்த வேண்டும். குடும்ப அட்டை இல்லாதவர்களையும் புலம்பெயர் தொழிலாளர்களையும் வீடு வீடாகச் சென்று பதிவு செய்ய வேண்டும். ஆஷா, அங்கன்வாடி, தூய்மைப் பணியாளர்களின் கோரிக்கைகளைத் தெருவின் பொதுக் கோரிக்கைகளாக மாற்ற வேண்டும். படிப்பை விட்ட குழந்தைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பதும் அரசியல் பணியே.

அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை எவராலும் கூற முடியாது. அது வரும் இரவில், எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்த அறையில் முதியவர் தனியே இருக்கிறார் என்பதை அறிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். அவர் கட்சிக் கிளையின் தோழராக இருக்கட்டும்.