மெர்லின் பெயர்த்து வந்த கற்கள்

லண்டனிலிருந்து தென்மேற்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் சாலிஸ்பரி சமவெளி வருகிறது. கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி, அங்கங்கே மேயும் செம்மறி ஆடுகள், லாரிகள் ஓயாத ஒரு நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் போகும்போதே ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் தெரிந்துவிடும். முதல் பார்வைக்கு, படத்தில் பார்த்ததைவிடச் சிறியதாகத்தான் தோன்றும். அருகே போனால்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நிற்பவற்றில் மிக உயரமான கல் தரைக்கு மேலே ஆறு மீட்டரைத் தாண்டுகிறது. அதன் உச்சியில் குமிழ் போல ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கிறது. மேலே படுத்திருந்த கல்லின் துளையில் கச்சிதமாகப் பொருந்துவதற்காகச் செதுக்கிய முளை அது. மேல்கல் விழுந்துவிட்டது, முளை மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. தச்சர்கள் மரத்தில் செய்கிற வேலையை இரும்பே அறியாதவர்கள் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் செய்திருக்கிறார்கள்.

இதை யார் கட்டினார்கள்? 1130 வாக்கில் எழுதிய ஹன்டிங்டன் ஹென்றி என்ற பாதிரியார், எப்படித் தூக்கினார்கள், எதற்காக என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே மான்மத் ஜெஃப்ரி என்பவர் பதிலோடு வந்தார். பதிலா அது, முழுநீளத் திரைக்கதை!

சமாதானப் பேச்சு என்று அழைத்து, பிரிட்டானியப் பிரபுக்களைச் சாக்சன் தலைவன் ஹெங்கிஸ்ட் வெட்டிச் சாய்க்கிறான். அவர்களுக்கு அழியாத நினைவுச் சின்னம் வேண்டும் என்கிறான் மன்னன் அவுரேலியஸ். கல்தச்சர்கள் கைவிரிக்கிறார்கள். தீர்க்கதரிசி மெர்லின் வந்து, “அயர்லாந்தில் ஒரு மலைமேல் ‘அரக்கர் நடனம்’ என்ற கல்வட்டம் இருக்கிறது, அதைக் கொண்டுவாருங்கள்” என்கிறான். நம் நாட்டில் கல்லுக்கா பஞ்சம் என்று மன்னன் சிரிக்கிறான். அவை அரக்கர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சுமந்து வந்த கற்கள், அவற்றைக் கழுவிய நீரில் குளித்தால் நோய் தீரும் என்று விளக்குகிறான் மெர்லின். மன்னனின் தம்பி ஊத்தர் 15,000 வீரர்களோடு கப்பலேறுகிறான். சண்டையில் வெல்கிறார்கள், ஆனால் கயிறு, ஏணி எதற்கும் கல் அசையவில்லை. கடைசியில் மெர்லின் தன் பொறிகளை வைத்து அலுங்காமல் பெயர்க்கிறான். கவனியுங்கள், ஜெஃப்ரி சொல்வது மந்திரத்தை அல்ல, பொறியியலை! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மந்திரக்கோல், மாயவித்தை எல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்த சரக்கு. பதினான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில், மனிதர்கள் வேடிக்கை பார்க்க, ஒரு ராட்சதன் மேல்கல்லை எடுத்து வைப்பதாகவே வரைந்துவிட்டார்கள்.

கதையை ஒதுக்கிவைத்திருந்த அறிஞர்கள் 1923இல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இங்குள்ள சிறிய நீலக்கற்கள் மேற்கே, வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து வந்தவை என்று ஹெச். ஹெச். தாமஸ் என்ற நிலவியலாளர் நிறுவினார். இடைப்பட்ட தூரம் 200 கிலோமீட்டருக்கும் மேல். மேற்குத் திசை, தூரத்து மலை. அப்படியானால் ஜெஃப்ரி சொன்னது மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வாய்வழி நினைவா? ஆசையாகத்தான் இருக்கிறது, நான் நம்பவில்லை. நம் கண்ணில் முதலில் படுகிற பெரிய கற்களில் பெரும்பாலானவை சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே உள்ள காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் தெரிந்தது. ஜெஃப்ரி எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றிவிட்டார். சாக்சன்களிடம் மண்ணை இழந்த பிரிட்டானியர்களுக்கு ஒரு பெருமைக்கதை தேவைப்பட்டது. கல் அதற்குக் கிடைத்தது.

2024இல் வந்த செய்தி இன்னும் வேடிக்கை. நடுவே கிடக்கும் ஆறு டன் ‘பலிபீடக் கல்’ ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, 700 கிலோமீட்டருக்கும் மேல் தாண்டி வந்ததாம். மெர்லினுக்கே தோன்றாத திசை! விழுந்த கற்களுக்கு அடியில் பாதி புதைந்து கிடப்பதால், சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியிலிருந்து அது சரியாகத் தெரியாது. அருகில் பார்க்க விரும்புகிறவர்கள், அதிகாலையிலோ மாலையிலோ வட்டத்துக்குள் அனுமதிக்கும் தனிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.