இளவேனிலில் ஒரு தனி மலைநடை

மார்ச் மாதம் நம் ஊரில் வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், இமயமலையின் தெற்குச் சரிவுகளில் பனி உருகி நடைபாதைகள் திறக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து முதுகில் ஒரு பையோடு தனியாகவே அங்கே கிளம்புகிறவர்கள் இன்று பலர். கல்லூரி முடித்த பெண்களும் இருக்கிறார்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். துணை கிடைக்கவில்லை என்று ஆசையைத் தள்ளிப்போடாத இவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இவர்கள் நடப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது பாதையைத் தேர்ந்தெடுப்பது. அதுவே ஒரு கலை என்று நான் நம்புகிறேன்.

பெரும்பாலோர் சிகரத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தனியாகப் போகிறவர் முதலில் இரவுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் இரவு எந்த ஊர், அதன் உயரம் என்ன? அடுத்த இரவுக்குள் எவ்வளவு ஏறியிருப்போம்? நடுவழியில் முடியாமல் போனால் தங்குவதற்கு வேறொரு கூரை உண்டா? குழுவில் ஒருவர் முகம் வாடினால் மற்றவர்கள் கவனித்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுப்பார்கள். தனியாளுக்கு அந்தக் கவனிப்பைப் பாதையில் உள்ள ஊர்கள்தான் தர வேண்டும்.

உயரத்தின் கணக்கு எளியது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த உடம்பு இந்த விதியைக் கூடுதல் பணிவோடு கடைப்பிடிக்க வேண்டும்.

இனி, பருவம். இலையுதிர் காலத்து அக்டோபரில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். வசந்தம் அப்படியல்ல. காலையில் தெளிவு, பிற்பகலில் மேகம், சில நாள் மழை, உயரத்தில் பனிப்பொழிவு. அதோடு ஏப்ரலில் நேபாளத்தின் தாழ்ந்த மலைகளில் காட்டுத்தீப் புகை கலந்து தூரத்துக் காட்சிகளை மங்கவைத்துவிடும். ஆகவே தொலைவில் நிற்கும் சிகர வரிசையைப் பார்ப்பதற்காகவே ஏறும் இடங்களை வசந்தத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. நேபாளத்தில் சுமார் 3,200 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் அப்படிப்பட்ட இடம். மேற்கு வங்கத்தின் சந்தக்பூவும் அப்படியே. 3,636 மீட்டர் உயரமுள்ள அந்த முகட்டிலிருந்து கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்டையும் ஒருசேரப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் ஏப்ரலில் அந்தப் பேறு பலருக்கு வாய்ப்பதில்லை. பூக்களுக்காகவே போகிறவர் தாராளமாகப் போகலாம். அங்குள்ள சிங்கலீலாக் காடு ஏமாற்றாது. வசந்தத்தில் மலையும் வேண்டும் என்றால், சிகரங்கள் தலைக்கு மேலேயே நிற்கும் பள்ளத்தாக்கைத் தேட வேண்டும்.

எவரெஸ்ட் அடிவார முகாம் அப்படிப்பட்ட பாதைதான். தனியாளுக்கு அதில் ஒரு பெரிய அனுகூலமும் உண்டு: பெரிச்சே என்ற ஊரில் இமயமலை மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவ நிலையம் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இயங்குகிறது. ஆனால் முகாமின் உயரம் 5,364 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். வசந்தம் எவரெஸ்ட் ஏறுவோரின் பருவமும் என்பதால், அறைகளைக் குழுக்கள் முன்கூட்டியே பிடித்துவிடும்; தனியாக வந்தவர் சாப்பாட்டுக்கூடத்து பெஞ்சில் படுக்க நேரலாம். நடை தொடங்கும் லுக்லாவுக்குப் போகும் விமானம் வானிலையைப் பொறுத்தது. முதல் முறை போகிறவருக்கு இந்தப் பாதை வேண்டாம்.

அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர்தான், நாட்களும் குறைவு. அங்கே எனக்குள்ள தயக்கம் வழியிலுள்ள தேவராலி என்ற இடத்துக்கு மேலுள்ள குறுகிய பள்ளத்தாக்கைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத மேல்சரிவுகளிலிருந்து பனிச்சரிவு இறங்கும் இடம் அது. 2020 ஜனவரியில் அந்தப் பகுதியில் நடைப்பயணிகளும் வழிகாட்டிகளும் உயிரிழந்தார்கள். குளிர்காலத்துப் பனி வெயிலில் இளகும் மார்ச், ஏப்ரலிலும் அந்த ஆபத்து நீடிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைக் காலையிலேயே கடந்துவிடுவார்கள். அவர்கள் சொல்லைக் கேட்கத் தெரிந்தவர் போகலாம்.

என் தேர்வு லாங்டாங் பள்ளத்தாக்கு. காத்மாண்டுவிலிருந்து பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஒரு பகல் முழுக்கப் போனால் சியாப்ருபேசி. விமானத்துக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. சுமார் 1,500 மீட்டரில் தொடங்கும் பாதை ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. முதல் இரவுக்கு லாமா ஹோட்டல் என்ற சிற்றூர், ஏறக்குறைய 2,400 மீட்டர். அங்கிருந்து லாங்டாங் கிராமம் 3,400 மீட்டருக்கும் மேலே. பலர் ஒரே நாளில் அந்த ஆயிரம் மீட்டரையும் ஏறிவிடுகிறார்கள். குழுவின் கால அட்டவணை அப்படி. தனியாளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 3,000 மீட்டரை ஒட்டி கோடாதபேலாவில் நிறுத்தி ஒரு இரவு தூங்கிவிட்டுப் போகலாம். தனியாகப் போவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: உடம்பு கேட்கும் இடத்தில் நிற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

லாமா ஹோட்டலுக்கும் கோடாதபேலாவுக்கும் இடைப்பட்ட காடுதான் வசந்தத்தின் வீடு. கருவாலி மரங்களும் ஊசியிலை மரங்களும் அடர்ந்த சரிவில் நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ் பூத்திருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் நம் காட்டுப் பூவரசு இதே இனத்தின் தென்னாட்டு வகை. பூ முதலில் தாழ்ந்த சரிவுகளில் தொடங்கி, வாரம் செல்லச் செல்ல மேலே ஏறும். மேலே போகப்போகச் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகும், பிறகு வெள்ளையாகும். ஏப்ரல் முதல் பாதியில் போனால் இந்த மூன்றையும் ஒரே நடையில் பார்க்க வாய்ப்புண்டு. கிளைகளில் மந்திக் கூட்டமும் இருக்கும்.

காடு முடிந்ததும் பள்ளத்தாக்கு விரிகிறது. 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நிலநடுக்கத்தில் லாங்டாங் லிருங் மலையிலிருந்து பனியும் பாறையும் சரிந்து பழைய கிராமத்தை மூடிவிட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதை அந்தக் கற்குவியலின் மேல்தான் போகிறது. தப்பியவர்கள் பக்கத்திலேயே ஊரை மறுபடி எழுப்பி விடுதி நடத்துகிறார்கள். அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் சமைக்கும் பருப்புச் சோற்றுக்குக் காசு கொடுப்பது அந்த ஊருக்கு நேரடியாகப் போய்ச் சேரும் உதவி. அங்கே படம் எடுப்பதற்கு முன் சற்று நின்று வணங்குங்கள்.

கடைசி ஊர் கியான்ஜின் கும்பா, சுமார் 3,870 மீட்டர். 1950களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் அங்கே இருக்கிறது. இரண்டு இரவாவது தங்குங்கள். பகலில் சுற்றியுள்ள மேடுகளில் ஏறிப் பார்த்துவிட்டு இரவு கீழே வந்து படுக்கலாம். தலைவலி விடாமல் இருந்தாலோ குமட்டினாலோ வந்த வழியே இறங்கினால் ஒரே பகலில் கோடாதபேலாவை அடைந்துவிடலாம். கணவாய் எதையும் தாண்ட வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தனியாளுக்கு இதை முதலிடத்தில் வைப்பேன். அருகிலுள்ள கோசாயிகுண்டா வழியாக லௌரிபினா கணவாயைத் தாண்டும் பாதையை மார்ச்சில் தனியாக முயல வேண்டாம், பனி கிடக்கும்.

வழிகாட்டி வேண்டுமா என்று கேட்பீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்தது. நீங்கள் போகும் ஆண்டின் நடைமுறையைக் காத்மாண்டுவில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, முதல் நடைக்கு உள்ளூர் தமாங் இனத்து வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். அவர் பத்தடி முன்னால் நடந்தால் உங்கள் தனிமைக்கு ஒரு குறையும் வராது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். நேபாளப் பணத்தைக் காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் எந்த இரவு எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு உபரி நாட்களையும் சேர்த்து எழுதுங்கள். அதில் ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.