கல்லீரல் தழும்பை அளக்கும் கணினிக் கண்

கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்களால் வந்தாலும், மதுப்பழக்கத்தால் வந்தாலும், ஈரலில் கொழுப்பு படிவதால் வந்தாலும், அது விட்டுச்செல்லும் விளைவு பெரும்பாலும் ஒன்றே. இயல்பான நிலையில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்திருக்கும் விண்மீன் வடிவச் செல்கள், ஈரல் தொடர்ந்து காயப்படும்போது தம் இயல்பு மாறி, கொலாஜன் எனப்படும் புரத இழைகளைச் சுரந்து குவிக்கின்றன. இவ்வாறு நார்த்தழும்பு படிவதை மருத்துவர்கள் ஃபைப்ரோசிஸ் என்கின்றனர். அத்தழும்பு வளர்ந்து ஈரல் முழுவதையும் முடிச்சு முடிச்சாகப் பிரித்துவிடும் முற்றிய நிலையே சிரோசிஸ் ஆகும். நோயாளியின் எதிர்காலத்தைக் கணிப்பதற்குத் தழும்பு எந்த அளவுக்குப் படிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதால், அதை எப்படி அளப்பது என்னும் கேள்வி ஈரல் மருத்துவத்தில் முதன்மை பெறுகிறது.

இதற்குப் பல காலமாகக் கையாளப்படும் வழி, ஊசி செலுத்தி ஈரலிலிருந்து சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி முறையாகும். 1958-இல் இத்தாலிய மருத்துவர் மெங்கினி, ஈரலுக்குள் ஊசி நிற்கும் நேரத்தை ஏறத்தாழ ஒரு நொடியாகக் குறைத்த பிறகு இம்முறை உலகெங்கும் பரவியது. அத்துண்டை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காணும் நோயியல் வல்லுநர், தழும்புக்கு ஒரு படிநிலையை வழங்குகிறார். 1994-இல் பிரான்சின் மெட்டாவிர் குழு வெளியிட்ட முறையில் சுழியம் முதல் 4 வரையும், 1995-இல் இஷாக்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறையில் சுழியம் முதல் 6 வரையும் படிநிலைகள் உள்ளன.

இந்த எண்கள் தழும்பின் அமைப்பைக் குறிக்கின்றனவேயன்றி அதன் அளவைக் குறிப்பதில்லை. இரத்தக் குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்து ஓடும் போர்ட்டல் பகுதிகள் தழும்பால் விரிந்திருக்கின்றனவா, ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நார் பாலமிட்டிருக்கிறதா, முடிச்சுகள் உருவாகிவிட்டனவா என்பவற்றைப் பார்த்தே படிநிலை முடிவாகிறது. ஆகவே 4-ஆம் நிலையில் இருப்பவருக்கு 2-ஆம் நிலையில் இருப்பவரைப்போல் இருமடங்கு தழும்பு இருக்கும் என்று கொள்ள முடியாது. மேலும் சிரோசிஸ் என்னும் கடைசிப் படியை அடைந்தவர்களில் ஒருவருக்கு மெல்லிய நார்ச்சுவர்களும் இன்னொருவருக்குத் தடித்த நார்ப்பட்டைகளும் இருந்தாலும், இருவரும் ஒரே எண்ணையே பெறுகின்றனர்.

இந்த இடைவெளியை நிரப்பவே எண்முறைப் படப்பகுப்பாய்வு பயன்படுகிறது. முதலில் திசுச் சீவலுக்கு, பிக்ரிக் அமிலத்தில் கரைத்த சிரியஸ் ரெட் சாயம் ஏற்றப்படுகிறது. கொலாஜன் இழைகள் சிவப்பாகவும் ஏனைய திசு மஞ்சளாகவும் தோன்ற, சீவல் முழுவதும் படமாக்கப்பட்டுக் கணினியில் சேர்க்கப்படுகிறது. பின்னர் மென்பொருள், ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் முன்கூட்டியே வகுத்த எல்லை மதிப்போடு ஒப்பிட்டுச் சிவப்புப் புள்ளிகளை எண்ணி, அவை மொத்தத் திசுப்பரப்பில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறது. கொலாஜன் பரப்பு விகிதம் எனப்படும் இந்த எண், 2009-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக் குழு வெளியிட்ட ஆய்வில், ஹெப்படைட்டிஸ் சி மீண்டும் தாக்கிய ஈரல் மாற்று நோயாளிகளிடம், ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் அழுத்தத்தோடு இஷாக் படிநிலையைவிட நெருக்கமாகப் பொருந்தியது.

இம்முறையின் பயன் தழும்பு குறையும்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் சிகிச்சையால் நீங்கிய 38 சிரோசிஸ் நோயாளிகளின் ஈரல் திசுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, மிலான் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேரிடம் சிரோசிஸ் நிலை பின்வாங்கியிருந்தது. ஆனால் கொலாஜன் பரப்போ 34 பேரிடம் குறைந்திருந்தது. எனவே குறைந்தது 11 பேரிடம், படிநிலை சிரோசிஸாகவே நீடித்த அதே காலத்தில் தழும்பின் அளவு இறங்கியிருக்கிறது என்பது கணக்கிலிருந்தே விளங்குகிறது. தழும்பைக் கரைக்க உருவாக்கப்படும் மருந்துகளைச் சோதிக்கும்போது இத்தகைய சிறு மாற்றங்களைத் தவறவிடாத அளவுகோல் இன்றியமையாததாகிறது.

இருப்பினும் கணினி தரும் எண் என்பதாலேயே அது பிழையற்றதாகிவிடாது. சாயத்தின் அடர்த்தியும் சீவலின் தடிமனும் மாறினால் எண்ணும் மாறும். பெரிய இரத்தக் குழாய்களின் சுவரிலும் ஈரலின் மேலுறையிலும் இயற்கையாகவே உள்ள கொலாஜனை நீக்காவிட்டால் தழும்பு மிகுதியாகத் தெரியும். கொழுப்புத் துளிகள் நிறைந்த ஈரலிலோ, அத்துளிகள் திசுப்பரப்பைக் கூட்டுவதால் விகிதம் குறைந்து தோன்றும். இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான தடை மாதிரியின் சிறுமையாகும். பயாப்ஸி துண்டு முழு ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. தழும்போ ஈரல் முழுவதும் சீராகப் பரவுவதில்லை. 2003-இல் பெடோசாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், 15 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளில் 65 விழுக்காடும், 25 மில்லிமீட்டர் துண்டுகளில் 75 விழுக்காடும் சரியான மெட்டாவிர் நிலையைக் காட்டின. படப்பகுப்பாய்விலும் துண்டுக்குத் துண்டு அளவுகள் வெகுவாக வேறுபட்டதால், துண்டின் குறையைக் கணினியால் ஈடுசெய்ய முடியாது என்பதும் அவ்வாய்விலேயே வெளிப்பட்டது.

ஆகையால் விழுக்காடு படிநிலையை அகற்றிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. தழும்பு எங்கே, எவ்வடிவில் படர்ந்திருக்கிறது என்பதையும் அதன் காரணம் எதுவாக இருக்கக்கூடும் என்பதையும் நோயியல் வல்லுநரின் கண் சொல்கிறது. எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதைப் படப்பகுப்பாய்வு சொல்கிறது. போதிய நீளமுள்ள துண்டு, ஒரே சீரான சாயமேற்றல், தெளிவாகக் குறிக்கப்பட்ட அளவீட்டு விதிகள் ஆகிய மூன்றும் அமைந்த பிறகே அவ்விரண்டு விடைகளையும் அருகருகே வைத்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுப்பது பொருளுடையதாகும்.