நகரமும் பல்கலைக்கழகமும் கைகோக்கும்போது சேரிக்கு எங்கே இருக்கை?

(ஆய்வு மாணவர்களும் குடியிருப்புப் பகுதி இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரமும் பல்கலைக்கழகமும் இணைந்து சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கேட்க நல்ல தலைப்புதான். மாநகராட்சியிடம் அதிகாரமும் நிதியும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடங்களும் படித்த இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் மக்களுக்கு நன்மைதானே என்று தோன்றும்.

ஆனால் நம் மொழியில் 'ஊர்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஊர் கூடி முடிவெடுத்தது என்பார்கள். அந்த ஊருக்குள் சேரி கிடையாது. முடிவு ஊருடையது. முடிவான பிறகு பறையடிக்கவும் பிணம் எரிக்கவும் மட்டும் சேரிக்கு ஆள் அனுப்புவார்கள். இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாம். அதனால் இரண்டு பெரிய இடங்கள் கூடி நம் நன்மையைப் பற்றிப் பேசுகின்றன என்று கேள்விப்பட்டால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அந்தக் கூட்டத்தில் நமக்கு இருக்கை உண்டா?

இந்தக் கேள்வியை ஒரு நகரத்தின் வரலாற்றை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரமும் அங்குள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகமும். நகரத்தோடு இணைந்து செயல்படும் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் உலகம் முழுவதும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் இது ஒன்று. அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பிய மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டியவை என்று பாபாசாகேபே கருதினார். நான் சொல்லப்போகும் கதையும் அதே டு பாய்சிடமிருந்துதான் தொடங்குகிறது.

1896. டு பாய்சுக்கு 28 வயது. முந்தைய ஆண்டுதான் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். ஹார்வர்டில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் கறுப்பின மக்கள் திரளாக வாழ்ந்தார்கள். நகரம் கெட்டுப்போவதற்கு அவர்களே காரணம் என்று நகரத்துச் சீர்திருத்தக்காரர்கள் நம்பினார்கள். அதை ஆய்ந்து சொல்லப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. விடையை முதலிலேயே வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட கேள்வி அது.

டு பாய்ஸ் அந்த வார்டிலேயே மனைவியோடு குடியேறினார். ஏறத்தாழ 2,500 வீடுகளுக்குத் தானே போய் விவரம் திரட்டினார். 1899இல் நூலாக வந்தபோது விடை மாறியிருந்தது. வறுமைக்கும் குற்றத்துக்கும் காரணம் நிறத்தின் பெயரால் வேலை மறுக்கப்பட்டதும், மோசமான வீட்டுக்கு அதிக வாடகை வாங்கப்பட்டதும்தான் என்று எண்களோடு எழுதினார். அவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பதவி 'சமூகவியல் உதவியாளர்'. தற்காலிகப் பதவி. பாடம் நடத்தும் வேலை தரவில்லை. அதே பல்கலைக்கழகம் 2012இல் அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் அளித்தது. அவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அடுத்தது 1959. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் அதன் அண்டையிலிருந்த டிரெக்சல் முதலான கல்வி, மருத்துவ நிறுவனங்களும் சேர்ந்து 'வெஸ்ட் பிலடெல்பியா கார்ப்பரேஷன்' என்ற அமைப்பை உருவாக்கின. பக்கத்திலேயே 'பிளாக் பாட்டம்' என்று மக்கள் அழைத்த பகுதி இருந்தது. பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த வட்டாரத்துக்கு 'யுனிவர்சிட்டி சிட்டி' என்று புதுப் பெயர் வைக்கப்பட்டது. நகரத்தின் மறுவளர்ச்சி ஆணையத்திடம் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் இருந்தது. கூட்டாட்சி அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்பு நிதி இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு விரிவாக்கத் திட்டம் இருந்தது. மூன்றும் சேர்ந்தன. 2,000க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இருந்த இடத்தில் அறிவியல் மையம் வந்தது. அங்கே கட்டப்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளியும் 2013இல் மூடப்பட்டு, அந்த நிலம் டிரெக்சல் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

தோழர்களே, இதுவும் ஒத்துழைப்புதான். நகரமும் பல்கலைக்கழகமும் இதைவிட நெருக்கமாக ஒத்துழைத்த காலம் அங்கே இல்லை. மேடை முழுக்க ஒத்துழைப்பு. மேடைக்குக் கீழே வீடிழந்த மக்கள்.

1969 பிப்ரவரியில் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடத்துக்குள் அமர்ந்து ஆறு நாட்கள் அறப்போராட்டம் நடத்தினார்கள். அதன் விளைவாக அறங்காவலர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், பகுதி மக்கள் என்று நான்கு தரப்பும் அமரும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மக்களுக்கு இருக்கை கிடைத்தது. ஆனால் வாக்களித்த மாற்று வீடுகள் பெரும்பாலும் வரவில்லை. இருக்கை கொடுத்தவர்கள் நிதியின் சாவியைக் கொடுக்கவில்லை. பிளாக் பாட்டம் மக்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நகரப் பூங்காவில் ஒன்றுகூடுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஊர் போய்விட்டது, உறவை விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1985 மே 13 அன்று, 'மூவ்' என்ற கறுப்பின அமைப்பினர் வாழ்ந்த வீட்டின் மீது பிலடெல்பியா காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டது. 5 குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். தீ பரவி 61 வீடுகள் எரிந்தன. அடையாளம் காண்பதற்காக எலும்புகள் சில, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவை குடும்பத்தாரிடம் திரும்பவில்லை. இணையவழிப் பாடத்தில் காட்டப்படும் பொருளாயின. 2021இல் செய்தி வெளியான பிறகுதான் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் மன்னிப்புக் கேட்டது. பெற்ற பிள்ளையின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தாய்க்குத் தெரியாது; பாடம் நடத்துபவருக்குத் தெரியும். கேட்காமல் எடுக்கும் அறிவு எதுவரை போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நல்லது எதுவுமே நடக்கவில்லையா? நடந்தது. 1980களின் நடுவிலிருந்து சில ஆசிரியர்களும் மாணவர்களும் மேற்கு பிலடெல்பியாவின் அரசுப் பள்ளிகளோடு வேலை செய்யத் தொடங்கினார்கள். 1992இல் அதற்கென ஒரு மையம் வந்தது. மானிடவியல் வகுப்பு மாணவர்கள் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு சேர்ந்து உணவையும் ஊட்டச்சத்தையும் ஆய்வு செய்தார்கள். அந்த வேலை பள்ளித் தோட்டமாகவும் உணவுத் திட்டமாகவும் வளர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே மாதிரிகளாக நிற்கவில்லை. கேள்வி கேட்கும் ஆய்வாளர்களாக இருந்தார்கள். இதை நாம் படிக்க வேண்டும்.

ஆனாலும் பணம் என்று வரும்போது பழைய கேள்வி திரும்பி வருகிறது. லாப நோக்கமற்ற நிறுவனம் என்பதால் பல்கலைக்கழகத்துக்குச் சொத்துவரி இல்லை. பிலடெல்பியாவில் பள்ளிகளுக்கான நிதியில் பெரும் பங்கு சொத்துவரியிலிருந்து வருகிறது. வரிக்கு ஈடான தொகையைச் செலுத்துங்கள் என்று அந்தப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஊழியர்களுமே 2020இல் இயக்கம் நடத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில், 10 ஆண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பள்ளிக் கட்டடங்களில் இருக்கும் ஆஸ்பெஸ்டாசையும் ஈயத்தையும் அகற்றுவதற்கான பணம். தொகை பெரிதுதான். ஆனால் அது நன்கொடை. நன்கொடை கொடுப்பவர் நிறுத்தலாம். வரியை அப்படி நிறுத்த முடியாது. உரிமைக்கும் தர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதி எதிர்ப்பு இயக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பிலடெல்பியாவில் மாணவர்கள் அமர்ந்து போராடிய அதே 1969இல்தான் இங்கே நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். அந்தத் திட்டத்தால் நல்ல மனிதர்கள் பலர் உருவானார்கள்; மறுக்கவில்லை. ஆனால் அது கொண்டுவந்த சொல்லைப் பாருங்கள்: 'தத்தெடுப்பு'. கிராமத்தைத் தத்தெடுக்கிறோம், குடியிருப்பைத் தத்தெடுக்கிறோம். தத்தெடுக்கப்படுவது குழந்தை. குழந்தையிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. ஏழு நாள் முகாம் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, மரக்கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டபோது, 1857இலிருந்து இந்த நகரத்தில் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் விடை இல்லை. கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். அங்கே போய்ப் படிவம் நிரப்பி முனைவர் பட்டம் வாங்குகிறோம். அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலகத்தில் உறங்குகிறது. படிவத்துக்குப் பதில் சொன்ன அக்காவுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

மாற்று வழியும் இங்கேயே இருக்கிறது. செப்டிக் டேங்குக்குள் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்ய 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் துணையோடு அது தூய்மைப் பணியாளர்களின் சுய உதவிக் குழுக்களிடம் சேர்ந்தது. நடுவில் ஒரு இயக்கம் இருந்ததால் இயந்திரம் எங்கோ ஒரு ஒப்பந்தக்காரரின் கொட்டகைக்குப் போகாமல், சாவைப் பார்த்த குடும்பங்களின் கைக்குப் போனது. 2013இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்துகொண்டே போகிறதென்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். இங்கே பொறியியல் துறைக்கு வேலை இருக்கிறது.

ஆகவே நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, மாநகராட்சியோ வாரியமோ பல்கலைக்கழகத்தோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் எதுவானாலும் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

இரண்டு, பகுதி சபைகளுக்கும் வார்டு கமிட்டிகளுக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. குடியிருப்பில் எடுக்கும் ஆய்வின் முடிவுகள் மாநகராட்சிக்குப் போகும் முன் பகுதி சபையில் வாசிக்கப்பட வேண்டும். "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் அந்த மக்களுக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாத இருக்கை வெறும் பாய்தான்.

மூன்று, மாணவர்கள் திரட்டும் எந்த விவரமும் வெளியேற்றப் பட்டியலுக்குப் பயன்படாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். அது இல்லாமல் படிவத்தோடு போக மாட்டோம் என்று ஆய்வு மாணவர்கள் நாம் சொல்ல வேண்டும். இந்த ஒன்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான்கு, வளாகத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும். விடுதிக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது யார், அவர் எந்தச் சாதி, அவருக்கு நிரந்தர வேலையா, ஒப்பந்தக் கூலியா? நிரப்பப்படாத இடஒதுக்கீட்டுப் பணியிடங்கள் எத்தனை? இதற்குப் பதில் சொல்லாத பல்கலைக்கழகம் வெளியே போய்ச் சமூக சேவை செய்ய வேண்டாம்.

மகாட் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் தலைமையில் மக்கள் நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் தாக்கினார்கள்; நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. பிறகு பத்தாண்டு வழக்கு. நல்ல தீர்மானங்களும் நல்ல ஒப்பந்தங்களும் வரட்டும். அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை அமைப்பாகத் திரண்ட மக்களுடையது. இங்கே அமர்ந்திருக்கும் குடியிருப்புத் தோழர்களும் ஆய்வு மாணவர்களும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குச் சேர்ந்து போவோம். அங்கிருந்து தொடங்கலாம்.